பாய் வீட்டுத் தொட்டியில் நான் போட்ட மயில்துத்தம்

ஜக்கரியா பாய் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் இருந்த பதினொரு உயிர்களைக் கொன்றவன் நான். என் மனைவி சரோஜா அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்ல எனக்கு இருபத்திரண்டு வருடம் ஆகியிருக்கிறது. நடுவில் வேறு பேச்சு ஏதாவது எடுத்தால் மறுபடியும் தள்ளிப்போய்விடும். என் சுபாவம் அப்படி.

நத்தை ஐந்து, சங்குக்குள் குடியிருக்கும் நண்டு மூன்று, இறால் ஒன்று, மீன் ஒன்று, கடல் சாமந்தி ஒன்று. கடைசியில் சொன்னதை உயிரில் சேர்க்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். பார்க்கப் பூ மாதிரி இருக்கும். ஆனால் அதற்கு வாய் உண்டு, இறால் துண்டு கொடுத்தால் வாங்கிச் சாப்பிடும். சேர்க்கத்தான் வேண்டும்.

போன மாதம் வடலூரில் மருந்துக் கடைக்குப் போய்விட்டு பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் சும்மா நடந்துகொண்டிருந்தேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு வண்ண மீன் கடை வந்திருக்கிறது. கடைக்காரர் ஒரு தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு, பழைய பல் பிரஷ்ஷால் கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். வாசலிலேயே அந்த வாசனை அடித்தது. ஈரத் துணியை இரண்டு நாள் வாளியிலேயே மறந்துவிட்டால் வருமே, அதில் கொஞ்சம் உப்பும் சேர்ந்த மாதிரி. உள்ளே போனேன்.

"இவ்வளவு கஷ்டப்படணுமா? மருந்து எதுவும் இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்குதே சார். ஒரே நாள்ல பாசி காலி," என்று நீல நிறத்தில் ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார்.

"கடல் தண்ணித் தொட்டியில ஊத்தலாமா?"

"ஐயய்யோ. அதுல நத்தை, நண்டு, இறாலெல்லாம் இருந்தா ஒண்ணு தங்காது சார். மீனு கொஞ்சம் தாங்கும்."

"இது எல்லாருக்கும் தெரியுமா?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பாட்டில் மேலயே போட்டிருக்குதே சார்."

போட்டிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்று, அனல் மின் நிலையத்தில் தண்ணீர்ப் பிரிவு கெமிஸ்டாக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த எனக்கு அன்று தெரியாத விஷயம், இன்று ஒரு பாட்டில் லேபிளில் தமிழிலேயே இருக்கிறது.

நான் தருமபுரிப் பக்கத்துக்காரன். கடலை முதன்முதலில் பார்த்ததே நெய்வேலிக்கு வேலைக்கு வந்த பிறகுதான். டவுன்ஷிப்பில் எல்லா வீடும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். ஷிப்ட் முடித்து அசதியில் வந்தவர்கள் அடுத்த வீட்டுக்குள் நுழைந்து, "காப்பி குடு" என்று கேட்ட கதை ஒவ்வொரு பிளாக்கிலும் ஒன்றிரண்டு உண்டு. எங்கள் பிளாக்கில் அந்தக் கதை என்னுடையது. நான் நுழைந்தது ஜக்கரியா பாய் வீடு. காப்பி கேட்பதற்குள் எதிரே ஒரு கடல் நின்றுகொண்டிருந்தது. நாலடி நீளம், உள்ளே விளக்கு, பாறை, மணல், கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள். வெளியே பழுப்பு நிலக்கரித் தூசி, உள்ளே கடல். நான் அப்படியே நின்றுவிட்டேன். பாயின் மனைவி நூர்ஜஹான் நான் கேட்காமலே காப்பி கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் சிநேகம் அப்படி ஆரம்பித்தது.

பாய் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் இருந்தார். சொந்த ஊர் பரங்கிப்பேட்டை. மாதம் ஒருமுறை ஊருக்குப் போய், இரண்டு பெரிய கேன்களில் கடல் தண்ணீர் பிடித்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவார். "என்னா பாய், கடலுக்கும் சேத்து டிக்கெட் போடட்டுமா?" என்று கண்டக்டர்கள் கேட்பார்களாம். ஷிப்ட் முடிந்ததும் குளித்துவிட்டு, கைலியை மடித்துக் கட்டி, ஒரு பல் பிரஷ்ஷோடு தொட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவார். "இந்த வூட்டுல எம் பிரஷ்ஷ விட மீனு பிரஷ்ஷுதான் எப்பவும் புதுசு" என்று நூர்ஜஹான் சொல்வார்.

கடல் தண்ணீர்த் தொட்டியில் மீன் வளர்ப்பது பெரிய வேலையில்லை, பாசியோடு வாழ்வதுதான் வேலை என்பதை பாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். முதலில் பழுப்பாகத் தூள் மாதிரி வரும். பிறகு பச்சை. அதையும் விட்டால் தலைமுடி மாதிரி நீளநீளமாகப் பாறையில் தொங்கும். பாய் பதறமாட்டார். கையால் பிய்ப்பார், பிரஷ்ஷால் தேய்ப்பார், தண்ணீரில் ஒரு பங்கை மாற்றுவார், விளக்கை இரண்டு மணி நேரம் குறைப்பார், மீதியை நத்தையிடம் விட்டுவிடுவார்.

"பாசிய திட்டி என்னா பிரயோஜனம் சார்? அது பாட்டுக்கு கெடச்சத தின்னுது. நாம என்னத்த அதிகமா போட்டோம்னு பாக்கணும்," என்பார்.

எனக்கு இது சோம்பேறித்தனமாகப் பட்டது. நான் அளவு பார்த்து மருந்து போடுகிறவன். ஆனாலும் பாய்க்கு என்னால் ஓர் உதவி இருந்தது. பாய்லருக்காக எங்கள் பிளான்ட்டில் உப்பும் மண்ணும் அறவே நீக்கிய தண்ணீர் தயாரிப்போம். டி.எம். வாட்டர் என்போம். தொட்டியில் தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் அதைத்தான் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரை ஊற்றினால் அதில் இருக்கும் சத்தெல்லாம் பாசிக்கு விருந்து. ஆகவே மாதம் இரண்டு கேன் நான் கொண்டுவந்து கொடுத்தேன். அது சரியா தவறா என்பதை இந்த வாக்குமூலத்தில் சேர்க்கவில்லை. ஒரு சமயத்தில் ஒரு குற்றம் போதும்.

பாயின் மைத்துனருக்குக் கல்யாணம் வந்தது. குடும்பத்தோடு எட்டு நாள் ஊருக்குப் போனார்கள். சாவியைச் சரோஜாவிடம் கொடுத்து பாய் சொன்னது மூன்றே விஷயம். தீனி, ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை. விளக்கு, ஆறு மணி நேரம். தண்ணீர் குறைந்தால் கேனில் இருக்கும் டி.எம். வாட்டர்.

"ஒனக்கெதுக்குச் சிரமம், நானே பாத்துக்கறேன்" என்று சாவியை நான் வாங்கிக்கொண்டேன்.

தொட்டி கிடைத்ததும் எனக்குக் கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவன் குணம் வந்துவிட்டது. மீன் கண்ணாடிக்கு அருகில் வந்து வாயைத் திறந்து மூடினால் பசி என்று நினைத்துக்கொள்வேன். காலையில் ஒரு சிட்டிகை, மதியம் ஒன்று, மாலையில் ஒன்று. விளக்கைப் போட்டால் அணைக்க மனம் வராது. விசிறிக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். நான்காம் நாள் கேன் காலி. பிளான்ட்டிலிருந்து கொண்டுவர அலுப்பாக இருந்தது. சமையலறைக் குழாயில் ஒரு வாளி பிடித்து ஊற்றினேன்.

ஆறாம் நாள் காலை கதவைத் திறந்தால் தொட்டிக்குத் தாடி முளைத்திருந்தது. பாறை தெரியவில்லை. நத்தைகள் புல்வெளியில் தொலைந்துபோன மாடுகள் மாதிரி அங்கங்கே நின்றன.

பாயிடம் என்ன சொல்வேன்? அளவு, அளவு என்று அவருக்கு வகுப்பெடுத்தவன் நான். பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்தேன். தண்ணீர் கலங்கியதுதான் மிச்சம். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பிளான்ட்டில் தண்ணீர் தேங்கும் குட்டை ஒன்றில் பச்சை படர்ந்தால் மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், போடுவோம். மூன்று நாளில் குட்டை பளிச்சென்று ஆகிவிடும். அதில் இருந்த கெண்டைகளுக்கு ஒன்றும் ஆனதில்லை. இதுவும் தண்ணீர், அதுவும் தண்ணீர். ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தேன். தொட்டியின் நீள அகல உயரம் அளந்து, பாறைக்குக் கழித்து, கணக்குப் போட்டேன். ஒரு சிட்டிகைக்கும் குறைவாக வந்தது. பாசி அடர்த்தியாக இருக்கிறதே என்று இரண்டு சிட்டிகை போட்டேன். முப்பத்தொரு வருட சர்வீஸில் என் கணக்கை நானே மீறியது அன்று ஒரு தடவைதான்.

மறுநாள் நத்தைகள் மல்லாந்து கிடந்தன. நண்டுகள் சங்கை விட்டு வெளியே வந்து கிடந்தன. சாமந்தி பழைய மூக்குச்சளித் துணி மாதிரி சுருண்டிருந்தது. பாசி செத்தது, வாஸ்தவம். அது அழுகித் தண்ணீரைக் கெடுத்ததில் ஒரு மீனும் போனது. இன்னொரு மீன் மட்டும் பிழைத்துக்கொண்டு, நான் எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கமாகத் திரும்பி என்னையே பார்த்தது.

எட்டாம் நாள் பாய் வந்து கதவைத் திறந்தார். அந்த வாசனைக்கு எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டோம். சரோஜா என் பக்கத்தில் நின்றிருந்தாள். பாய் தொட்டிக்குள் கையை விட்டு ஒரு நத்தையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"என்னா ஆச்சு சார்?"

ஐந்தாம் நாள் சரோஜா அந்த வீட்டைப் பெருக்கப் போனபோது, பூட்டிக்கிடந்த வீட்டில் கொசு மொய்க்கிறதென்று பின்னறையில் கொசு மருந்து அடித்துவிட்டு வந்திருந்தாள். என்னிடம் சொல்லியிருந்தாள். அது என் வாயில் எங்கே இருந்ததோ தெரியவில்லை.

"சரோஜா கொசு மருந்து அடிச்சாளாம் பாய். அதுதானோ என்னவோ…" என்றேன்.

"நானா?" என்று சரோஜா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவள் முகம் மாறியது. "ஆமா, அடிச்சேன். பின்னாடி ரூம்புலதான் அடிச்சேன். ஐயோ, நூரு, தெரியாம பண்ணிட்டனே" என்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "அழாதீங்கக்கா, போனா போவுது" என்று நூர்ஜஹான் அவளை அணைத்துக்கொண்டார். பாய்கூட, "விடுங்க, வேணும்னா பண்ணாங்க?" என்றார். நான் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அன்றே முடிந்திருக்கும்.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தை இல்லாததால் வந்தது. எங்கள் பிளாக்கில் இரண்டு சரோஜாக்கள். இன்னொருவரை 'டீச்சர் சரோஜா' என்றார்கள். என் மனைவி 'கொசுமருந்து சரோஜா' ஆனாள். கிளி வளர்க்கிற வீடு, முயல் வளர்க்கிற வீடு, எங்கே போனாலும், "கையில ஒண்ணும் இல்லையேக்கா?" என்று சிரிப்பார்கள். இவளும் சிரித்துவிட்டு வருவாள். வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் யாரோடும் பேசமாட்டாள்.

அடுத்த தைப்பூசத்துக்கு வடலூர் சபைக்கு ஜோதி பார்க்கப் போனோம். கூட்டத்தில் நசுங்கி, ஜோதி பார்த்து, வெளியே வந்து சோறு வாங்கிச் சாப்பிடும்போது சரோஜா சொன்னாள். "ஏங்க, நான் வேண்டிக்கினேன். பதினோரு உசுரக் கொன்ன பாவம். இனிமே மீனு, கறி எதையும் வாயில வைக்கமாட்டேன். நம்ம வூட்டு அடுப்புலயும் ஏத்தமாட்டேன்."

என் கையில் சோறு அப்படியே நின்றது. சரோஜா கடலூர்ப் பக்கம் மேல்பட்டாம்பாக்கத்துப் பெண். மீன் குழம்பு வைத்தால் வாசனைக்கே நான்கு வீட்டார் கிண்ணத்தோடு வருவார்கள். கருவாடு இல்லாமல் பழைய சோறு இறங்காது அவளுக்கு. கடலைப் பார்க்காத தருமபுரிக்காரனுக்கு மீனைச் சாப்பிடக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நானும் உன்னோடு சேர்ந்து விட்டுவிடுகிறேன் என்று பெருந்தன்மையாக வேறு சொல்லிவைத்தேன்.

விடவில்லை. ஆபீஸ் வேலையாகக் கடலூர் போகும்போதெல்லாம் ஒரு மெஸ்ஸில் வறுத்த மீனோடு சாப்பிட்டுவிட்டு, கை நிறையச் சோம்பு மென்றுகொண்டு வருவேன்.

"சட்டையில என்னாங்க மீன் வாசன?"

"கடலூர்னா கடல் காத்து அடிக்காதா?"

"சோம்பு வாசனயும் கடல்லருந்துதான் வருதா?" என்பாள். அதற்கு மேல் கேட்கமாட்டாள். பாவத்தைச் செய்தவள் தானே என்ற நினைப்பில் அடுத்தவரைக் கேள்வி கேட்கிற உரிமையையும் சேர்த்து விட்டுவிட்டாள் போலிருக்கிறது.

பாய் தொட்டியைக் கழுவி, புதிதாகக் கடல் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பி, அதே பாறையையும் மணலையும் போட்டு, ஊரிலிருந்து நத்தையும் நண்டும் கொண்டுவந்து விட்டார். இரண்டு வாரத்தில் செத்தன. மறுபடி கொண்டுவந்தார். செத்தன. அந்த ஒற்றை மீன் மட்டும் நன்றாக இருந்தது. "இது என்னா கணக்குன்னே புரியல சார். மீனு ஜம்முனு இருக்குது, நத்த மட்டும் தங்கமாட்டேங்குது" என்று என்னிடமே வந்து கேட்டார். நான் நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் புரட்டினேன். துத்தத்தில் இருக்கும் செம்பு பாறையிலும் மணலிலும் ஏறிக்கொள்ளும், மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருக்கும், மீன் தாங்கும், நத்தையும் நண்டும் தாங்காது என்று இருந்தது. புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். பாய் மூன்றாவது தடவை கேனோடும் நத்தைகளோடும் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, ஒரு கேனை நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். தெரிந்தே தூக்கினேன்.

மூன்றாவது தடவையும் செத்த பிறகு பாய் நிறுத்திவிட்டார். ஒற்றை மீனும் காலம் முடிந்து போனது. பிறகு அவர் ரிட்டயர்டாகி பரங்கிப்பேட்டை போனார். நான் ரிட்டயர்டாகி வடலூருக்குக் கொஞ்சம் தள்ளி வீடு கட்டி வந்தேன். பண்டிகை தவறாமல் பாய் போன் செய்வார். "சார், ஒடம்பு எப்படி?" என்று ஆரம்பித்தால் பழைய பிளாக் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து போவார்கள்.

மீன் கடையிலிருந்து வந்த அன்று சரோஜா முற்றத்தில் உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று பயம். அவள் தலை நிமிரவில்லை. கத்தியும் நிற்கவில்லை.

"எவ்வளவு போட்டீங்க?"

"ரெண்டு சிட்டிகை."

"ரெண்டு சிட்டிகைக்கா நான் இருவத்திரெண்டு வருசமா கருவாட்டுக் கட பக்கம் தலய திருப்பாம போய்க்கினு இருந்தேன்?"

நான் மன்னிப்புக் கேட்டேன். நன்றாகத் தயாரித்து வைத்திருந்த மன்னிப்பு. அவள் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எங்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது? யாரு முன்னால எம்பேரச் சொன்னீங்களோ, அவங்க முன்னால போயி ஒங்க பேரச் சொல்லுங்க. நாளைக்கே கெளம்பணும்."

பரங்கிப்பேட்டையில் பாய் வாசலுக்கே வந்து என் கையைப் பிடித்து அழைத்துப்போனார். கண்ணில் புரை, தடித்த கண்ணாடி. உட்கார்ந்ததும் சரோஜா என் முழங்கையை இடித்தாள். சொன்னேன். இந்த முறை மன்னிப்பெல்லாம் தயாரிக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

நூர்ஜஹான்தான் முதலில் பேசினார். "அக்கா! எம் மவ நிக்காஹ்ல ஒங்கள பிரியாணி தேக்சா பக்கம் வராதீங்கன்னு நானே கிண்டல் பண்ணனே!" என்று சரோஜாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுதார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தார்கள். பாய் என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"துத்தம் கல்லுல ஏறியிருக்குமே சார்?"

"ஏறும்."

"மண்ணுல?"

"மண்ணுலயும்."

"நான் மூணு தடவ போட்டேன். ஒங்களுக்கு அது எப்ப தெரியும்?"

"மூணாவது தடவைக்கு முன்னாடி."

பாய் கண்ணாடியைக் கழற்றிக் கைலியில் துடைத்தார். "காரணம்கூட சொல்ல வேணாம் சார். கல்ல மாத்துங்க பாய்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். என் கையில உசுரு தங்கலன்னுதான் நான் விட்டேன்."

பாறை, மணல், தொட்டி எல்லாம் புதிதாக நான் வைத்துத் தருகிறேன் என்றேன். இந்த ஊரில் கடல் தெருமுனையில் இருக்கிறதே, தண்ணீரை நானே சுமக்கிறேன் என்றேன். "வேணாம் சார். இப்ப கண்ணு தெரியல. பாசி வந்தாக்கூட தெரியாது," என்றார்.

மதியம் சாப்பாடு போட்டார்கள். நூர்ஜஹான் மீன் குழம்புச் சட்டியோடு வந்து, சரோஜாவின் விரதம் ஞாபகம் வந்து, தயங்கி நின்றார். சரோஜா ஒரு கணம் யோசித்தாள்.

"போடு நூரு. கொன்னவங்கதான விடணும்? நான் எதையும் கொல்லல."

"சாருக்கு?"

"அவருக்கு ரசம் ஊத்து."

இருபத்திரண்டு வருடம் கழித்து அவள் முதல் வாய் மீன் சாப்பிட்டதை நான் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். நான் ரசம் சாப்பிட்டேன். பாய் தன் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், ஓர் அப்பளத்தை எடுத்து என் தட்டில் வைத்தார். வீட்டுக்கு வந்த விருந்தாளி அல்லவா.

திரும்பி வரும்போது டவுன்ஷிப் வழியாக வந்தோம். எங்கள் பழைய பிளாக்கில் இப்போது ஆளில்லை. பழைய குவார்ட்டர்ஸ் என்று பூட்டி வைத்திருக்கிறார்கள். பாய் வீடு எது, எங்கள் வீடு எது என்று எனக்குச் சட்டென்று தெரியவில்லை. சரோஜாதான் காட்டினாள்.

வடலூரில் சபைக்கு அழைத்துப்போய் என்னை நிற்கவைத்து, தன் வேண்டுதலை என் பெயருக்கு மாற்றிவிட்டாள். இந்த முறை கடலூர் மெஸ்ஸும் சேர்த்தி. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு அடுப்பில் மீன் கொதிக்கிறது. மீனைக் கழுவித் துண்டு போட்டுத் தருவது என் வேலை. பக்கத்து வீட்டார் கிண்ணத்தோடு வர ஆரம்பித்துவிட்டார்கள். பிளாக்கில் இருந்த பழைய ஆட்கள் எல்லோருக்கும் நூர்ஜஹான் போன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டார். எனக்கு இப்போது என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று சரோஜாவுக்குத் தெரியும், சொல்லமாட்டேன் என்கிறாள். சிரிக்க மட்டும் செய்கிறாள்.

போன வாரம் பெருநாள் வந்தது. பாய் கூப்பிடுவார் என்று காலையிலிருந்து போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. நானே போட்டேன். மணி அடித்து நின்றது. மதியம் சரோஜாவின் போன் அடித்தது. நூர்ஜஹான். ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே அரை மணி நேரம் பேசிவிட்டு வைத்தாள்.

"பாய் எப்படி இருக்காராம்?"

"நல்லா இருக்காராம்."

"என்னை விசாரிச்சாரா?"

சரோஜா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"முள்ளு எடுத்துக்கினு இருக்கேன். பேச்சு குடுக்காதீங்க."